பல மருத்துவமனைகளில் ஒரே ஆய்வு: நெறிமுறைக் குழு அனுமதிக்கு ஒரு குறிப்பு

இந்தியாவில் ஒரே மருத்துவ ஆய்வைப் பல மருத்துவமனைகளில் நடத்துவோர் ஒவ்வோர் இடத்திலும் பங்கேற்பாளரின் நலனையும் உரிமையையும் கருதி ஆய்வைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவிடமும் தனித்தனியே விண்ணப்பிப்பதே வழக்கம். ஆயினும், பங்கேற்பாளருக்குக் குறைந்த அபாயமே உள்ள கருத்தாய்வு போன்றவற்றுக்கு, ஒரு குழுவை முதன்மைக் குழுவாக ஏற்றுப் பொதுப் பரிசீலனை நடத்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இடமளிக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அந்த வழியில் சென்றாலும் உள்ளூர்க் குழுவின் பொறுப்பு நீங்கிவிடாது. எடுத்துக்காட்டாக, வேலூரில் எழுதிய, பங்கேற்பாளர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைப் பெங்களூருக்காகக் கன்னடத்தில் மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அங்குள்ள ஆய்வாளரின் பெயரும், அங்குள்ள குழுவின் உறுப்பினர் செயலரைத் தொடர்புகொள்ளும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இத்தகைய சிறு விடுபடல்களால்தான். ஒரு குழு அனுமதி மறுத்தால், அதன் காரணத்தை மற்றக் குழுக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும். மறைத்துவிட்டு வேறிடத்தில் அனுமதி கேட்பது முறையன்று.

புதிய மருந்துச் சோதனைக்கு விதி வேறு. சொந்தக் குழு இல்லாத மருத்துவமனை, அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவிலோ உள்ள பதிவுபெற்ற குழுவின் அனுமதியைப் பெற்று நடத்தலாம் என்கின்றன 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்.