ஒரு ஆளுக்கு ஒரு வரி: சீனரிடையே உழைத்த மிஷனரிகளைப் பட்டியலிடுவது எப்படி

லண்டன் மிஷனரி சங்கம் சீனருக்கென்று இரண்டு வில்லியம் மில்ன்களை அனுப்பியிருக்கிறது. மூத்தவர் 1813-இல் மக்காவ் வந்து, 1815-இல் மலாக்காவில் குடியேறி, 1822-இல் அங்கேயே காலமானவர். அடுத்தவர் வில்லியம் சார்ல்ஸ் மில்ன், மூத்தவரின் மகன். 1839-இல் கப்பலேறியவர், 1863-இல் பீக்கிங்கில் இறந்தார். இருவரும் எழுதினார்கள், இருவருமே மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தார்கள். நடுப்பெயரை விட்டுவிட்டு 'டபிள்யூ. மில்ன்' என்று ஒரு வரி எழுதினீர்களானால், ஐம்பது வருஷம் ஊழியம் செய்த ஒரு மனிதர் உங்கள் பட்டியலில் புதிதாகப் பிறந்துவிடுவார்.

நான் பினாங்கில் கல்லூரி நூலகம் ஒன்றில் அட்டை எழுதியே காலம் தள்ளியவன். ஓய்வு பெற்ற பிறகு, சீனரிடையே உழைத்த புராட்டஸ்டன்ட் மிஷனரிகளின் இந்தப் பட்டியலில் இறங்கியதற்குப் பக்தி காரணமல்ல, பட்டம் வாங்கும் ஆசையும் இல்லை. அட்டை எழுதிய கை சும்மா இருக்க மறுக்கிறது, அவ்வளவுதான். தவிர, இந்தச் சரித்திரத்தின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் நடந்ததே எங்கள் பக்கத்தில். 1842-இல் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறக்கும்வரை மக்காவ், காண்டன் (இன்றைய குவாங்சௌ) ஓரத்தைத் தவிர சீனாவுக்குள் மிஷனரிகளுக்கு இடமில்லை. அதனால் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர், பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா), பாங்காக் என்று சீனர் குடியேறிய ஊர்களில் காத்திருந்தார்கள். இதே மாதிரி ஒரு பட்டியல் தயாரிக்க நினைப்பவர்களுக்கு நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் எல்லையைத் தீர்மானியுங்கள். 'சீனாவில் பணி செய்தவர்கள்' என்று வைத்தால் ஒரு பட்டியல் வரும், 'சீனரிடையே பணி செய்தவர்கள்' என்று வைத்தால் வேறொன்று வரும். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் சாமுவேல் டையரை இழக்க வேண்டியிருக்கும். 1827-இல் பினாங்குக்கு வந்து, சீன எழுத்துகளை உலோக அச்சாக வார்க்கப் பாடுபட்டு, பிறகு மலாக்கா, சிங்கப்பூர் என்று வேலை செய்தவர் அவர். சீன மண்ணில் அவர் செய்தது கொஞ்சம்தான்; 1843-இல் மக்காவில் இறந்துபோனார். சான் பிரான்சிஸ்கோவில் 1852-இல் சீனருக்கென்று மிஷன் தொடங்கிய வில்லியம் ஸ்பியரும் இந்த எல்லைக்குள் வந்துவிடுவார்.

அப்புறம் வேலியோரத்தில் நிற்கிறவர்கள். 1627-இல் பார்மோசாவுக்கு (இன்றைய தைவான்) போன டச்சுச் சபை மிஷனரி கண்டிடியஸ் சீனரிடம் போகவில்லை, தீவின் பழங்குடிகளிடம் போனார். அவரை விட்டுவிட்டேன். வங்காளத்துச் செராம்பூரில் உட்கார்ந்தபடியே, மக்காவில் பிறந்த ஆர்மீனியர் லஸ்ஸாருடன் சேர்ந்து சீன விவிலியத்தை மொழிபெயர்த்து 1822-இல் முடித்தவர் ஜோஷுவா மார்ஷ்மன். சீனாவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் சீனாவுக்கு வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனரியான ராபர்ட் மாரிசனும் மூத்த மில்னும் சேர்ந்து செய்த முழு விவிலியம் மலாக்காவில் வெளிவந்தது அடுத்த வருஷம்தான். இப்படிப்பட்டவர்களுக்கு 'இணைப்பு' என்று தனித்தாள் வைத்திருக்கிறேன். எந்த முடிவை எடுத்தாலும் சரி, அதைத் தாளின் தலையிலேயே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே மறந்துவிடும்.

காலத்துக்கும் ஒரு கரை வேண்டும். 1807-இல் ராபர்ட் மாரிசன் காண்டனில் இறங்கியதில் தொடங்குவதில் யாருக்கும் தகராறு இல்லை. முடிவை 1867-இல் வையுங்கள் என்பேன். அதற்கு மேல் போனால் கூட்டம் பெருகிவிடும். 1920-களின் நடுவில் சீனாவில் இருந்த புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் சுமார் எட்டாயிரம் பேர். தனி ஆள் செய்கிற வேலையல்ல அது.

1867-க்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம்தான் ஷாங்காயில், அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷன் அச்சகத்தில், அலெக்சாண்டர் வைலியின் நினைவேடு அச்சானது. வைலி 1847-இல் லண்டன் மிஷனின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ள ஷாங்காய் வந்தவர். சீனருக்கென்று வந்த புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் முந்நூறு பேருக்கு மேல், வந்த வரிசையில், சீனப் பெயரோடும் சிறு வாழ்க்கைக் குறிப்போடும், எழுதிய நூல்களின் பட்டியலோடும் தந்திருக்கிறார். இணையத்தில் ஸ்கேன் பிரதி இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அடித்தளம் அதுதான். ஆனால் ஸ்கேனிலிருந்து இயந்திரம் எடுத்துத் தரும் எழுத்தை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். 3-ம் 8-ம் மாறும், சீன எழுத்துகள் குப்பையாக வரும். பக்கப் படத்தைப் பார்த்துக் கையால் தட்டுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

எக்செல் தாளில் நான் வைத்திருக்கும் கட்டங்கள்: ஒரு வரிசை எண், குடும்பப் பெயர், முழுப் பெயர், சீனப் பெயர், அனுப்பிய சங்கம், புறப்பட்ட தேதி, கப்பல், சீனரிடையே முதலில் இறங்கிய ஊரும் தேதியும், சீனாவுக்குள் முதலில் வந்த தேதி, பணி செய்த ஊர்கள், பணியிலிருந்து விலகிய வருஷம், இறந்த தேதியும் இடமும், கடைசியாக ஆதாரம். வருகைத் தேதிக்கு இத்தனை கட்டமா என்று கேட்கலாம். லண்டன் மிஷனின் மெட்ஹர்ஸ்டைப் பாருங்கள். 1816-இல் இங்கிலாந்தை விட்டுக் கிளம்புகிறார். வழியில் மதராஸில் சில மாதம் தங்க நேர்கிறது. அங்கே எலிசபெத் பிரவுன் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு உடனே கப்பலேறுகிறார். 1817-இல் மலாக்கா. பிறகு பினாங்கு, பத்தாவியா. ஷாங்காய்க்குக் குடிபோனது 1843-இல்தான். 1816, 1817, 1843 மூன்றையுமே அவர் 'வந்த வருஷம்' என்று யாராவது எழுதினால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே கட்டத்தில் போட்டால்தான் அது குழப்பம்.

இந்தக் கட்டங்களில் எனக்கு உயிர்நாடி சீனப் பெயர். அநேகமாக எல்லா மிஷனரிக்கும் ஒன்று இருந்தது, ஆங்கிலப் பெயரைவிட அது ஆளை நன்றாகப் பிரித்துக் காட்டும். மூத்த மில்ன் 'மி லியன்', மகன் 'மெய் வெய்ச்சா'. வால்டர் ஹென்றி மெட்ஹர்ஸ்ட் என்ற அதே பெயரில் மகனும் உண்டு. அவர் மிஷனரி அல்ல, பிரிட்டிஷ் கான்சல். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே எழுத்துகள். சீனத்தில் அப்பா 'மாய் டூஸி', மகன் 'மாய் ஹுவாத்துவோ'. பிரச்சினை அங்கேயே முடிந்தது.

சீனம் படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் ஹொக்கியன் காதில் விழுந்து பழக்கம், எழுத்தைப் பார்த்து ஒப்பிடத் தெரியும், அதற்கு மேல் கிடையாது. கம்ப்யூட்டரில் எழுத்தைத் தேடி ஒட்டினால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே பெயர் பழைய வடிவத்திலும் இப்போதைய எளிய வடிவத்திலும் கிடைக்கும். மாரிசனின் முதல் எழுத்தான 'மா' இரண்டிலும் வேறு மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் அவற்றை இரண்டு ஆளாகத்தான் எண்ணும். எல்லாவற்றையும் பழைய வடிவத்துக்கு மாற்றிவிட்டு அப்புறம் வரிசைப்படுத்துங்கள். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சீனப் பெயரும் உண்டு. ஜெர்மானிய மிஷனரி குட்ஸ்லாஃப் 'குவோ ஷிலா', 'குவோ ஷிலி' என்று இரண்டு விதமாகவும் வருவார், போதாக்குறைக்கு 'ஐ ஹான் ஜே' என்ற புனைபெயரில் பத்திரிகையும் நடத்தினார். மூத்த மில்னுக்கும் மெட்ஹர்ஸ்டுக்கும்கூடப் புனைபெயர்கள் உண்டு. அதனால் 'வேறு பெயர்கள்' என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர்களில் பழைய எழுத்துமுறையை அழிக்காதீர்கள். ஆதாரத்தில் உள்ளபடி அமாய் என்று ஒரு கட்டம், இன்றைய ஷியாமென் பக்கத்தில் இன்னொன்று. ஸ்வாடௌ இன்று ஷாந்தௌ. சீஃபூ என்று எழுதப்பட்ட இடம் இன்றைய யந்தாய். ஷாந்துங்கில் இருந்த டெங்சௌவையும் பீக்கிங்குக்குப் பக்கத்து டுங்சௌவையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். பழைய முறையில் சாங்சௌ என்று எழுதினால் அது ஃபூஜியனிலும் இருக்கலாம், ஜியாங்சுவிலும் இருக்கலாம். அந்த ஆளின் சங்கம் எந்த மாகாணத்தில் வேலை செய்தது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சீன ஆவணங்களிலிருந்து தேதி எடுப்பவர்கள் சந்திர மாதத்தைக் கவனிக்க வேண்டும். தாவோகுவாங் அரசர் ஆட்சியின் 22-ஆம் ஆண்டு என்றால் 1842 என்றுதான் கைநூல்கள் சொல்லும். ஆனால் அந்த ஆண்டின் பன்னிரண்டாம் மாதம் 1843 ஜனவரியில் விழுகிறது.

சங்கம் என்ற கட்டத்திலும் ஒரே பெயரோடு திருப்தி அடைய முடியாது. ஹட்சன் டெய்லர் 1854-இல் ஷாங்காய் வந்தது சீன சுவிசேஷச் சங்கத்தின் ஆளாக. 1857-இல் அதை விட்டார், 1865-இல் சொந்தமாகச் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கினார். அமெரிக்க பாப்டிஸ்ட்கள் 1845-இல் வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது, ஏற்கனவே சீனாவில் இருந்த ஷக் என்ற மிஷனரி தெற்கோடு போனார். மனிதர் இருந்த இடத்தில் இருக்க, சங்கம் மாறிவிட்டது.

விலகிய வருஷம் என்ற கட்டத்தைச் சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டும். மாரிசன் 1809 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். குட்ஸ்லாஃப் அபினிக் கப்பலில் துபாஷி வேலை பார்த்தார், பிறகு ஹாங்காங் அரசில் சீனச் செயலாளர். காண்டனில் 1835-இல் கண் ஆஸ்பத்திரி திறந்த டாக்டர் பீட்டர் பார்க்கர் பின்னாளில் அமெரிக்க அரசின் கமிஷனர். இவர்களை மிஷனரி என்று ஒரு சொல்லில் அடைத்துவிட்டுப் போனால் படிக்கிறவருக்குப் பாதிதான் போய்ச் சேரும். நான் 'வேறு பணி' என்று எழுதி வருஷத்தைப் போடுகிறேன், தீர்ப்பு எதுவும் எழுதுவதில்லை.

இனி பழைய பட்டியல்கள் தட்டிக்கழித்தவர்கள். மனைவிமார் பெரும்பாலும் கணவனின் குறிப்புக்குள் ஒரு வாக்கியமாகத்தான் கிடக்கிறார்கள். மரியா டார்ன் என்ற பெண் டையரை மணந்து பினாங்கு வந்தார். டையர் இறந்த பிறகு 1845-இல் பாசம் என்ற ஜெர்மானிய மிஷனரியை மணந்தார், அடுத்த வருஷமே காலமானார். டார்ன், டையர், பாசம் என்று மூன்று குடும்பப் பெயர்கள், ஆள் ஒருவர். அவருடைய மகள் இன்னொரு மரியா. நிங்போவில் மேரி ஆன் ஆல்டர்சியின் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவர், 1858-இல் ஹட்சன் டெய்லரின் மனைவியானார். பெண்களுக்குப் பிறந்த வீட்டுப் பெயரை முதன்மையாக வைத்து, மணப் பெயர்களை 'வேறு பெயர்கள்' கட்டத்தில் எழுதினால் சிக்கல் அவிழும். ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வரி, தனி எண். இதில் நான் பிடிவாதக்காரன். குழந்தை பெற்றதும் பள்ளி நடத்தியதும் காய்ச்சலில் செத்ததும் அவர்கள், எண் மட்டும் கணவனுக்கா?

சீன ஊழியர்கள் விஷயத்திலும் அப்படியே. லியாங் ஃபா மரப்பலகையில் எழுத்து வெட்டும் தொழிலாளி. மலாக்காவுக்கு மில்னோடு போய் 1816-இல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார், பிறகு மாரிசன் அவரை ஊழியராக நியமித்தார். அவர் எழுதிய புத்தகம்தான் பின்னால் ஹோங் ஷியூசுவான் கையில் போய்ச் சேர்ந்து, அவர் சீன அரசுக்கு எதிராக நடத்திய தைப்பிங் கலகம்வரை கொண்டுபோனது. வெளிநாட்டவர் மட்டும் என்று எல்லை வைத்தால் இவர் வரமாட்டார். என் தாளில் இருக்கிறார். பழைய ஆங்கில ஏடுகளில் 'லியாங் ஆஃபா' என்று தேடுங்கள்.

சரிபார்ப்புக்கு ஒரு விதி: ஒரு தேதிக்கு ஒன்றையொன்று பாராத இரண்டு ஆதாரம் வேண்டும். வைலியைப் பார்த்து எழுதிய நாலு புத்தகம் சேர்ந்தாலும் ஒரு ஆதாரம்தான். வைலிக்கு முன்னால் போகவேண்டுமானால் காண்டனில் 1832 முதல் 1851 வரை வெளிவந்த, அமெரிக்க மிஷனரி பிரிட்ஜ்மன் தொடங்கிய 'சைனீஸ் ரிபாசிட்டரி' இதழ் இருக்கிறது; இறந்தவர் செய்தி, கப்பல் வந்த செய்தி எல்லாம் அந்த மாதத்திலேயே பதிவாகியிருக்கும். பின்னால் வந்தவர்களுக்குச் 'சைனீஸ் ரெக்கார்டர்' இதழ். கடிதங்கள் வேண்டுமென்றால் லண்டன் மிஷனின் தாள்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில் உள்ளன. அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கத்தின் தாள்கள் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில். யாழ்ப்பாண மிஷனை நடத்தியதும் இதே போர்டுதான் என்பதால் ஈழத்து வரலாறு தேடுகிறவர்களுக்கு அந்த இடம் பழக்கமாக இருக்கும். ஹக்கா மக்களிடம் போன லெக்லர், ஹாம்பெர்க் போன்றவர்களுக்குப் பாசல் மிஷன் காப்பகம். கல்லறைகளையும் விடாதீர்கள். மக்காவின் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம் 1821-இல் மாரிசனின் மனைவி மேரி இறந்தபோது உருவானது. அவரும் கணவரும் டையரும் அங்கே இருக்கிறார்கள். கல்லில் வெட்டிய தேதி குடும்பத்தார் கொடுத்தது, பெரும்பாலும் நம்பலாம். பிறந்த வருஷம் மட்டும் கல்லிலும் தப்பும்.

இரண்டு ஆதாரம் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து என்று பக்க எண்ணோடு குறியுங்கள். ஆதாரம் கிடைக்காத கட்டம் காலியாகவே இருக்கட்டும். 'சுமார் 1840' என்று ஊகத்தில் எழுதினால் அடுத்தவர் அந்தச் 'சுமாரை' விட்டுவிட்டு நகலெடுப்பார்.

எல்லாம் ஏறிய பிறகு தாளைக் குலுக்கிப் பாருங்கள். சீனப் பெயர் வாரியாக ஒரு தடவை, இறந்த தேதி வாரியாக ஒரு தடவை வரிசைப்படுத்துங்கள். இரண்டு வரியில் ஒளிந்திருக்கும் ஒரே ஆள் அநேகமாக இங்கே அகப்படுவார். அப்புறம் கப்பல் வாரியாக. 1839-இல் 'எலிஸா ஸ்டூவர்ட்' கப்பலில் ஜேம்ஸ் லெக், டாக்டர் ஹாப்சன், இளைய மில்ன் மூவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். 1866-இல் 'லாமர்மூர்' கப்பல் ஹட்சன் டெய்லர் குடும்பத்தையும் ஒரு பெரிய குழுவையும் ஷாங்காயில் இறக்கியது. ஒரே கப்பலில் வந்தவர்களுக்கு ஒரே துறைமுகத்தில் இரண்டு இறங்கிய தேதிகள் இருந்தால், அந்த வரிகளை மஞ்சளாக்கிவிட்டு மறுபடி ஸ்கேன் பக்கத்தைத் திறங்கள்.