ரேஸில் தில்லுமுல்லா? கோப்பையை அன்றைக்கே பிடுங்குங்கள்

சேலம் சுற்றுவட்டாரத்தில் மண் டிராக் போட்டு பைக் ரேஸ், கார் ரேஸ் நடத்த நினைக்கும் கிளப்காரர்களுக்காக எழுதுகிறேன். (ஏற்காடு ரோட்டின் 20 கொண்டை ஊசி வளைவில் நேரம் பார்த்து ஓட்டுபவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பஸ்ஸும் ஜனங்களும் போகிற ரோடு அது.) டிராக், ஆம்புலன்ஸ், பர்மிஷன் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறோம், ஆனால் கள்ள ஆட்டம் ஆடுபவனுக்கு என்ன தண்டனை என்பதைச் சண்டை வந்த பிறகுதான் யோசிக்கிறோம். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-ல் போய் டிரக் ரேஸ் ஓட்டினாரே, அந்த அமெரிக்க ரேஸ் அமைப்பான நாஸ்கார் இதில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை, ஜெயித்ததை ரத்து செய்வது. 1949-ல் சார்லட்டில் நடந்த அவர்களுடைய முதல் ஸ்டாக் கார் (கடையில் விற்கிற மாதிரியே மாற்றாத கார்) ரேஸிலேயே, முதலில் வந்த க்ளென் டனவேயின் வண்டியில் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தது சோதனையில் தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் செய்யும் வேலை அது. உடனே அவரைத் தூக்கிவிட்டு ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். அப்புறம் வருஷக்கணக்காக இந்தக் கண்டிப்பு தளர்ந்துபோனது. 1983-ல் ரிச்சர்ட் பெட்டி அளவுக்கு மீறிய இன்ஜினோடு ஜெயித்து மாட்டியபோது 35,000 டாலர் அபராதம், 104 பாயிண்ட் வெட்டு, ஆனால் வெற்றி அவருடையதாகவே நின்றது! கோப்பை வீட்டுக்கு வந்துவிட்டால் அபராதத்தை யார் செலவாக நினைப்பார்கள்? 2019-ல்தான் ரேஸ் முடிந்த கையோடு சோதனை, தப்பு இருந்தால் தகுதி நீக்கம் என்று மறுபடி கறாரானார்கள். 2022-ல் போகோனோ டிராக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த டென்னி ஹாம்லின், கைல் புஷ் இருவரையும் தூக்கி, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட்டை ஜெயித்தவராக அறிவித்தார்கள். காரணம், வண்டி முகப்பில் ஸ்டிக்கருக்கு அடியில் கூடுதலாக ஒட்டியிருந்த டேப். அவ்வளவுதான்.

நம் ஊரில் டேப் பிரச்சினை வராது, இன்ஜின்தான் வரும். இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றி வெர்னியரால் போரை, அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தை, அளந்துவிடுங்கள். போர் 57 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகிற தூரம்) 58.6 மி.மீ இருந்தால் கணக்குப்படி 149.5 சிசி, அதையே லேத் பட்டறையில் கொடுத்து ஒரே ஒரு மில்லிமீட்டர் கூட்டி 58 ஆக்கினால் கிட்டத்தட்ட 155 சிசி, 150 சிசி கிளாஸைத் தாண்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். ஆகவே ஒவ்வொரு கிளாஸிலும் முதல் மூன்று வண்டி, கூடவே சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு வண்டி, இவை நேராகக் கயிறு கட்டிய இடத்துக்குப் போய்விட வேண்டும், சோதனை முடிகிறவரை மெக்கானிக்கூட கிட்டே போகக் கூடாது, பரிசும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, ஓட்டியவனை மட்டும் தண்டித்தால் போதாது. வண்டியைத் தயார் செய்தவர்தான் பல சமயம் சூத்திரதாரி. 2023-ல் ஹென்ட்ரிக் டீமின் நாலு கார்களில் காற்றோட்டத் தகட்டை மாற்றியதற்கு நாலு தலைமை மெக்கானிக்குகளுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதமும் நாலு ரேஸ் தடையும் விழுந்தது. டிரைவர்களிடம் வெட்டிய பாயிண்ட்டை மட்டும் அப்பீல் குழு திருப்பிக் கொடுத்துவிட்டது. அதையும் கவனியுங்கள்: அப்பீல் கேட்பவர்கள் வேறு ஆட்களாக இருக்க வேண்டும், சோதனை செய்தவரே உட்காரக் கூடாது. எந்தத் தப்புக்கு என்ன தண்டனை என்று பதிவுப் படிவத்திலேயே தமிழில் அச்சடித்து, ஓட்டுபவர், மெக்கானிக், வண்டிக்காரர் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஸ்பான்சரின் தம்பி மகனுக்கும் அதே படிவம்தான், இதில் மட்டும் தயவுசெய்து இளகிவிடாதீர்கள்.

யாராவது அடுத்தவர் வண்டி மேல் புகார் சொன்னால் முன்பணம் வாங்கிக்கொண்டு இன்ஜினைப் பிரியுங்கள். புகார் உண்மையானால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கேஸ்கெட் செலவு, மெக்கானிக் கூலி எல்லாம் மாட்டியவர் தலையில். பொய்யானால் அந்த முன்பணம் வண்டிக்காரருக்கு.