கீமோ நாட்களில் வீட்டில் நடக்கும் தவறுகள்

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். ராத்திரி எட்டு மணிக்கே போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டார். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. "ஒண்ணுமில்லடி, அசதியா இருக்கு. டோலோ போட்டிருக்கேன், காலையில சரியாயிடும்" என்றார். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆன பிறகும் தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தப் பரிசோதனையில் கிருமியோடு போராடும் வெள்ளை அணு வகையான நியூட்ரோபில் வெறும் 400. அன்றிரவே நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற ஆரம்பித்தார்கள். வீடு திரும்ப ஆறு நாள் ஆனது. "காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுது?" என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது, அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "மத்தியானமே லேசா இருந்துச்சு" என்றார்.

நம் வீடுகளில் நோயாளிகள் பொறுத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு, ராத்திரி நேரம், ஆட்டோ செலவு என்று எல்லாவற்றையும் நினைத்துப் பேசாமல் படுத்திருப்பார்கள். கீமோ காலத்தில் அதிகம் கெடுதல் செய்வது இந்தப் பொறுமைதான் என்று அந்த ஆறு நாளில் புரிந்துகொண்டேன்.

காய்ச்சலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல்லோடு சேர்ந்து ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல், குடல், முடியின் வேர் எல்லாம் அடிவாங்கும். பல மருந்துகளில் கீமோ போட்ட ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் ஆகக் குறைவாக இருக்கும். கிருமியோடு சண்டை போட ஆளில்லாத நேரம் அது. வழக்கமாகத் தொற்று வந்தால் வீங்கும், சிவக்கும், சீழ் வைக்கும். அதையெல்லாம் செய்வதே வெள்ளை அணுக்கள்தான். அவை இல்லாதபோது பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். அந்த ஒன்றையும் டோலோ மாதிரி பாராசிட்டமால் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால், உள்ளே தொற்று ரத்தத்தில் பரவுவது யாருக்கும் தெரியாது.

அதனால் முதலில் அளந்து பாருங்கள், மாத்திரை அப்புறம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் ஞாயிற்றுக்கிழமையானாலும் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். காய்ச்சல் இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் அப்படித்தான். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வார்த்தையாக "கீமோ நடக்குது, இத்தனையாவது நாள்" என்று சொல்லி ஃபைலை நீட்டுங்கள். இந்த மாதிரிக் காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பதுதான் மருத்துவ நெறிமுறை. சாதாரணக் காய்ச்சல் என்று வரிசையில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அடுத்தது வாந்தி மாத்திரை. "வாந்தி வந்தா போட்டுக்கலாம்" என்று பத்திரமாக எடுத்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கீமோவில் அது நேர் தலைகீழ். ஒண்டான்செட்ரான் போன்றவை வாந்தி வராமல் தடுக்கத் தரப்படுகின்றன. ஒருமுறை குமட்டல் பிடித்துக்கொண்டால் அடக்குவது கஷ்டம். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்தில் முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்தான் மோசமாக இருக்கும். எழுதிக் கொடுத்த நாள்வரை, எழுதிக் கொடுத்த நேரத்தில் போட வேண்டும். ராத்திரிக்கு ஓலான்சபின் தந்திருப்பார்கள். அதை இணையத்தில் தேடி, "மனநோய் மாத்திரையை எங்க அம்மாவுக்கு ஏன் கொடுத்தாங்க?" என்று நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானே அப்படிக் கேட்டிருக்கிறேன். குறைந்த அளவில் அது குமட்டலுக்கு நல்ல மருந்து. தூக்கம் கூடுதலாக வரும்.

ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதற்கு வீட்டிலேயே எனிமா கொடுப்பது, ஆசனவாயில் மருந்து வைப்பது வேண்டாம். வெள்ளை அணுக்களின் கவுன்ட் குறைந்திருக்கும்போது அங்கே சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி உள்ளே போய்விடும். டாக்டரைக் கேட்டால் மலத்தை இளக்கும் மருந்து தருவார். வயிற்றுப்போக்கிலும் இதே அலட்சியம் நடக்கிறது. கேப்சிடபின், இரினோடிகான் ஆகிய கீமோ மருந்துகளை எடுப்பவர்களுக்கு நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் போனால், உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போன் செய்யுங்கள்.

அம்மாவுக்கு முதல் நான்கு சைக்கிளும், அதாவது நான்கு சுற்றுக் கீமோவும், சிவப்பு மருந்து. டாக்ஸோரூபிசின் என்று பெயர். அது ஏற்றிய ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்றும்போதே ஊசி இடத்தில் எரிந்தால் அதைத் தாங்கிக்கொண்டு உட்காரக் கூடாது. "ஊசின்னா எரியத்தான் செய்யும்" என்று பக்கத்துப் படுக்கை அம்மா ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார், நர்ஸ் ஓடிவந்து டிரிப்ஸை நிறுத்தினார். இந்த மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். எரிச்சல், வீக்கம் எதுவானாலும் அந்த நொடியே குரல் கொடுங்கள்.

பிறகு வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து. ஏழாவது வாரம் காலையில் அம்மா கண்ணாடி முன் நின்று ஜாக்கெட் ஊக்கை மாட்டிக்கொண்டே இருந்தார், மாட்டிய பாடில்லை. விரல் நுனியில் ஊக்கு இருப்பதே தெரியவில்லை என்றார். மூன்று வாரமாகவே மரத்துப் போயிருந்ததாம். "சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்களோன்னு பயந்துட்டேன்." இந்தப் பயம் பலருக்கும் இருக்கிறது. சொன்னால் உடனே சிகிச்சையை நிறுத்திவிட மாட்டார்கள். அளவைக் குறைப்பார்கள், இடைவெளி விடுவார்கள், வேறு வழி பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டால் அந்த மரத்துப்போதல் கீமோ முடிந்தும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும்.

ஒருவருக்குச் சொன்ன யோசனை இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதற்கு ஐஸ் ஒரு நல்ல உதாரணம். 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தை ஊசியாக ஒரே தடவையில் செலுத்தும்போது வாயில் ஐஸ் துண்டு வைத்திருந்தால் வாய்ப்புண் குறையும். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறுகிறவருக்கோ ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தாலே தொண்டை இறுக்குவது போலிருக்கும், விரல் ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். அவருக்கு ஐஸ் கூடாது. வெயிட்டிங் ஹாலில் கேட்ட யோசனையை உங்கள் மருந்தின் பெயரைச் சொல்லி டாக்டரிடம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

வாய்ப்புண்ணுக்குக் காரமான கடை மவுத்வாஷ் வேண்டாம், அதிலுள்ள ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு கலந்து நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்தால் போதும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் உறவினர்கள் கூட்டமாக வருவார்கள். முட்டை சூடு, மீன் ஆகாது, கறியே கூடாது என்று பத்தியம் போட்டு வெறும் கஞ்சியில் நிறுத்துவார்கள். உடம்பு தேறுவதற்குப் புரதம் வேண்டும். எடை சரிந்து உடல் தளர்ந்தால் அடுத்த சைக்கிளே தள்ளிப்போகும். நன்றாக வெந்த முட்டை, மீன் குழம்பு, பருப்பு, சுண்டல் எல்லாம் கொடுங்கள். தவிர்க்க வேண்டியது ஆஃப்பாயில், தெருவோரம் நறுக்கி வைத்த பழம், ஐஸ் போட்ட கரும்புச் சாறு, நேற்றைய சட்னி. ஒரே வேளையாகத் தட்டு நிறைய வைக்காமல் இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் இறங்கும்.

பப்பாளி இலைச் சாறும் முள்சீத்தா கஷாயமும் அன்போடுதான் வரும். கொண்டுவருகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல கீமோ மருந்துகளைக் கல்லீரல்தான் கையாள்கிறது. கூடவே போகும் கஷாயம் மருந்தின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சாதாரண ஃபோலிக் அமில மாத்திரைகூட கேப்சிடபினின் பக்கவிளைவை அதிகமாக்கும். டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கீமோவுக்குப் பிறகு 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். சுத்தம் செய்கிறவர் கையுறை போட வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது சைக்கிளில்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று ஒரு காகிதத்தில் மருந்துகளின் பெயர், கீமோ போடும் டே கேர் பிரிவின் போன் நம்பர், கீமோ போட்ட தேதி, பெரிதாக 100.4 என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தெர்மாமீட்டரை அதன் மேலேயே வைத்தோம். நான்காவது சைக்கிளில் ஒரு விடியற்காலை நாலரைக்கு அம்மாவே என்னை எழுப்பினார். "நூறு புள்ளி ஆறு. மாத்திரை போடல. ஃபைல் எடுத்து வெச்சுட்டேன், கிளம்பு."