மனசு கனத்தால் சைக்கிளை எடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துச் சாலையில்தான் நான் சைக்கிள் மிதிப்பது. வெளிச்சம் வந்ததும், 7 மணிக்கு மேல் கிளம்புங்கள். பசியாறுவதைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம். காதில் பாட்டு வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி பின்னால் வருவது கேட்க வேண்டுமே!

முதலில் மனசு வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு என்று பேசிக்கொண்டே வரும். பேசட்டும். அப்புறம் மூச்சை மிதியோடு சேருங்கள்: 2 மிதிக்கு இழுத்து, 4 மிதிக்கு விடுங்கள். மூச்சை நீளமாக விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும், படபடப்பும் குறையும். எனக்கு எண்ணுவது பிடிக்காது. மிதிக்கு ஓர் எழுத்தாக ‘சரவணபவ’ சொல்வேன். ஆறு எழுத்து, கணக்கு சரியாக வந்துவிடும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

கைப்பிடியை இறுக்கினால் தோளும் தாடையும் சேர்ந்து இறுகும். பிடியைத் தளர்த்துங்கள், விரல் பிரேக்கிலேயே இருக்கட்டும். செம்மண் தடத்தில் மழைக்குப் பிறகு சக்கரம் வழுக்கும்.

தூக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், சைக்கிள் மட்டும் போதாது.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) நாய் துரத்தினால் தியானமாவது ஒன்றாவது! இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள்.