சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங்: ஹாப்பர் முதல் டிப் வரை

சேலத்தில் எங்கள் பட்டறைக்குப் பழக வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை ஆம்பியர் வைக்கணும்?" ஆம்பியரை அப்புறம் பார்க்கலாம். சப்மெர்ஜ்டு ஆர்க் வெல்டிங்கில், சுருக்கமாகச் சா வெல்டிங்கில், வயர் நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க், வெல்டை மூடும் தூளான ஃப்ளக்ஸுக்கு அடியில் புதைந்து எரிகிறது, கண்ணுக்குத் தெரியாது. அதனால் வயரும் ஃப்ளக்ஸும் ஒரே சீராக ஆர்க்குக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை முன்கூட்டியே உறுதி செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்பவை துணைச் சாமான்கள்தான்.

1. ஃப்ளக்ஸும் ஓவனும்

மரவள்ளி மாவைக் குலுக்கி உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. கனிமத் தூள்களைச் சிலிக்கேட் பசையில் உருட்டிச் சுட்டால் அக்ளோமரேட்டட் ஃப்ளக்ஸ். (பேசிக், அதாவது காரத்தன்மை கொண்ட, வகை ஃப்ளக்ஸில் சேரும் மக்னீசியாவை மேக்னசைட்டைச் சுட்டு எடுக்கலாம். ஏற்காடு அடிவாரத்தில் வெட்டி எடுக்கும் நம் வெள்ளைக்கல் அதே மேக்னசைட்தான்.) ஜவ்வரிசி மாதிரியே அக்ளோமரேட்டட் ஃப்ளக்ஸும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உருக்கி உடைத்த ஃப்யூஸ்டு வகையில் ஈரம் மேலோடு ஒட்டுவதோடு சரி.

ஈரம் ஆர்க்கில் பிரிந்தால் ஹைட்ரஜன் வரும். பீடில், அதாவது வெல்டிங் படிந்த வரியில், பின் ஹோல் என்ற ஊசித் துளை விழும். தடித்த பிளேட்டிலும் வலிமை கூடிய ஸ்டீலிலும் மறுநாள்கூட விரிசல் எட்டிப் பார்க்கும். ஒரு ஐப்பசி மழையில், ஃப்ளக்ஸ் கொட்டும் தொட்டியான ஹாப்பரில் மீந்ததை அப்படியே விட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் அதையே ஓட்டியதில் டேங்கின் சீம், அதாவது இணைப்பு வரி, முழுக்கப் பொத்தல். ஓட்டியது அரை நாள், கிரைண்டரில் தோண்டி எடுத்தது ஒன்றரை நாள்.

எனவே முதலில் வாங்க வேண்டியது ஃப்ளக்ஸைக் காய்ச்சும் ஓவன். அக்ளோமரேட்டட் வகைக்குப் பொதுவாக 300 முதல் 350 டிகிரி செல்சியஸ், இரண்டு மணி நேரம். ஆனால் மூட்டையில் தயாரிப்பாளர் அச்சிட்டிருப்பதே கடைசிச் சொல். தட்டில் 5 சென்டிமீட்டருக்கு மேல் குவிக்காதீர்கள், நடுவில் வேகாது. மூட்டையைச் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

2. மீந்த ஃப்ளக்ஸை மீட்பது

உருகாத ஃப்ளக்ஸை உறிஞ்சி எடுத்துத் திரும்பப் போடலாம். முதலில் சல்லடையில் சலித்து, உருகி உறைந்த ஃப்ளக்ஸான ஸ்லாக் துண்டுகளை நீக்குங்கள். அப்புறம் காந்தம் காட்டி இரும்புச் செதிலை எடுங்கள். பொடி மிஞ்சினால் வாயு வெளியேற வழியின்றி பீடின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழும். அதனால் மீட்டதை மட்டும் போடாமல் புதியதோடு கலந்து போடுங்கள். மீந்த ஃப்ளக்ஸை உறிஞ்சுவது காற்றில் ஓடும் ரிகவரி யூனிட் என்றால் கம்ப்ரசர் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். இல்லையென்றால் ஓவனில் காய்ச்சியதை நாமே நனைக்கிறோம். தூசு நெஞ்சுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள்.

3. ரோலரும் ஸ்ட்ரெய்ட்னரும்

வயரைப் பிடித்துத் தள்ளுவது ரோலர். 3.2 மில்லிமீட்டர் வயருக்கு 3.2 என்று பொறித்த ரோலர்தான். திட வயருக்கு வி-பள்ளம், உள்ளே தூள் நிரம்பிய குழாய் வயருக்கு வரி வெட்டிய யூ-பள்ளம். வயர் வழுக்காத அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் செம்புப் பூச்சு உரிந்து, ரோலருக்குக் கீழே சிவப்புப் பொடி கிடக்கும். வயரை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னரைச் சோதிக்க ஒரு முழம் வயரை ஓடவிட்டு வெட்டித் தட்டையான பிளேட்டில் வையுங்கள். வளைந்து எழும்பினால் இன்னும் திருக வேண்டும்.

4. கான்டாக்ட் டிப்

வயருக்குக் கரண்ட் கொடுக்கும் துளையிட்ட முனை இது. இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். குரோமியம், சிர்க்கோனியம் கலந்த செம்பு டிப் சூட்டில் எளிதில் இளகாது. வெறும் செம்பு சீக்கிரம் தேயும். துளை முட்டை வடிவமானால் வயர் ஆடும், வோல்ட்மீட்டர் முள்ளும் கூடவே ஆடும், பீடு கோணலாகும். அப்போதே மாற்றுங்கள். டிப்பின் மரை தளர்ந்திருந்தாலும் சூடேறும். மாற்றும் முன் பவரை அணைக்க வேண்டும், வயரில் கரண்ட் இருக்கும்.

டிப்பிலிருந்து ஜாப் (வெல்டிங் செய்யும் பிளேட்) வரை வயரின் நீளம் அதன் விட்டத்தைப் போல எட்டு மடங்கு என்று வைத்துத் தொடங்குங்கள். 4 மில்லி வயருக்கு 32 மில்லி. டிப் தேயத் தேய இந்த அளவும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ளக்ஸ் 25 முதல் 30 மில்லி உயரம். வெளிச்சம் பளிச்சென்று வெட்டினால் ஃப்ளக்ஸ் குறைவு.

5. மற்றவை

எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட், துரு இருக்கக் கூடாது. சீமின் இரு முனையிலும் அதே தடிமனில் துண்டு பிளேட் வைத்துத் தொடங்கி முடித்தால், கடைசிக் குழி அந்தத் துண்டில் விழும். வெட்டி எறிந்துவிடலாம். சீமைக் குறிவைத்துக் காட்டும் லேசர் பாயின்டர் நல்லதுதான், ஆனால் ஓவன் வாங்கிய பிறகு.

சாயங்காலம் கிளம்பும் முன் ஹாப்பரைக் காலி செய்து, ஃப்ளக்ஸைச் சலித்து ஓவனில் கொட்டி, 150 டிகிரியில் விட்டுவிட்டு ஷட்டரை இறக்குங்கள்.