மூளை நாளச் சுவரை எம்.ஆர்.ஐ.யில் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நரம்புக் கதிரியல் பயிற்சிக்கு ஆண்டுதோறும் வருகிறவர்கள், நாங்கள் பயின்ற காலத்தில் செய்த அதே பிழைகளை அதே இடங்களில் செய்வதைப் பார்க்கிறேன். நோயாளி அசைந்துவிட்டார், உடலில் உலோகம் உண்டா என்று கேட்கவில்லை என்பன போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஸ்கேன் அறையிலேயே தொழில்நுட்பர்கள் கவனித்துவிடுகிறார்கள். படம் நன்றாக அமைந்த பிறகு அதைப் படிக்கிறவர் செய்யும் பிழைகள் அப்படியல்ல. அவை அறிக்கையாகி நேராக நோயாளியின் மருந்துச் சீட்டுக்குப் போய்விடுகின்றன.

உட்குழல் இயல்பு என்றால் நாளமும் இயல்பு என்று கொள்வது

ஆஞ்சியோகிராம் எந்த வகையாக இருந்தாலும் இரத்தம் ஓடும் உட்குழலையே காட்டுகிறது. நோயோ சுவரில் இருக்கிறது. கொழுப்புப் படிவு தொடக்கத்தில் வெளிப்புறமாகவே பருக்கக்கூடும் என்பதால், சுவர் நன்கு தடித்த பிறகும் உட்குழல் சுருங்காமல் இருக்கலாம். நடு மூளைத் தமனியின் முதற்பகுதி ஏறத்தாழ 3 மி.மீ. அகலமுள்ளது, அதன் நோயற்ற சுவர் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியது. அந்த மெல்லிய சுவரைப் பார்ப்பதற்காகவே 3 டெஸ்லாவும் அதற்கு மேற்பட்ட காந்தப்புலமும், இரத்தத்தையும் மூளைத் தண்டுவட நீரையும் கறுப்பாக்கிச் சுவரை மட்டும் எடுத்துக்காட்டும் கறுப்பு இரத்தப் பட முறையும் தேவைப்படுகின்றன.

மெதுவாக ஓடும் இரத்தத்தைச் சுவர் என்று படிப்பது

மற்றத் தவறுகளைப் பொறுமையாகத் திருத்த முடிகிறது. இந்த ஒன்றைக் காணும்போது மட்டும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கறுப்பு இரத்தப் படத்தில் இரத்தம் தானாகக் கறுப்பதில்லை. அது போதிய வேகத்தில் நகர்வதால், அடுத்தடுத்த ரேடியோ துடிப்புகளுக்கிடையே அதன் சமிக்ஞை சிதறிப்போகிறது. ஆகவே கறுப்பாகத் தெரிகிறது. வேகம் குறைந்தால் சமிக்ஞை தங்கிவிடும். ஆற்றில் நடு நீர் விரைந்து ஓட, கரையோர நீர் தளர்ந்து நகர்வதைப் போல, தமனியிலும் சுவரை ஒட்டிய இரத்தமே மிக மெதுவாகச் செல்கிறது. எனவே எஞ்சிய சமிக்ஞை சுவரை ஒட்டிய வளையமாகவே படத்தில் விழுகிறது. காடோலினியம் என்ற ஒளிர்வு மருந்தை ஊசியில் செலுத்திய பிறகு இரத்தத்தின் டி1 நேரம் (துடிப்புக்குப் பின் சமிக்ஞை மீளும் நேரம்) குறைந்துவிடுவதால், அதே வளையம் இன்னும் வெண்மையாகி, அழற்சியுற்ற சுவர் மருந்தை ஏற்றதைப் போலவே காட்சி தருகிறது. சுருக்கத்தைத் தாண்டி இரத்தம் சுழலும் பகுதி, தமனி புடைத்த அனியூரிசத்தின் உச்சி, மூளைத் தமனிகள் மெல்ல அடைபடும் மோயாமோயா நோயில் மூளையின் மேற்பரப்பில் நிதானமாக ஓடும் துணைத் தமனிகள் ஆகிய மூன்று இடங்களிலும் இதை எதிர்பார்த்தே படிக்க வேண்டும்.

நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ள ஒருவர், வலக்கை தளர்ந்து பேச்சும் குழறிய நிலையில் வேறோர் இடத்தில் மருத்துவம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். இடது நடு மூளைத் தமனியில் சுருக்கம் இருந்தது. காடோலினியத்துக்குப் பின் எடுத்த படத்தில், அந்தச் சுருக்கத்தைத் தாண்டி, தமனியைச் சுற்றிச் சீரான வெண்வளையம் தெரிந்தது. அதைக் கண்டு வாஸ்குலைடிஸ் (நாளச் சுவர் அழற்சி) என்று அறிக்கை எழுதப்பட்டிருந்தது. அதன் விளைவாக அவருக்கு அதிக அளவில் ஸ்டீராய்டு தொடங்கப்பட்டு, சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறியிருந்தது. பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, வளையத்தின் வெளிவிளிம்பு கூர்மையாகவும் உள்விளிம்பு உட்குழலுக்குள் மெல்லக் கரைவதாகவும் இருந்தது. ஊசிக்கு முந்தைய படத்திலும் அதே இடத்தில் சாம்பல் நிறக் கோடு ஒன்று இருந்தது. வேகமாக ஓடும் இரத்தத்தை வெண்மையாகக் காட்டும் டைம் ஆஃப் ஃப்ளைட் ஆஞ்சியோகிராமின் மூலப்படங்களில் அப்பகுதி மங்கியிருந்தது. மூன்றும் ஒன்றையே சொல்லின: அங்கே இரத்தம் மெதுவாக ஓடுகிறது. மெதுவாக ஓடும் இரத்தத்தின் சமிக்ஞையையும் அடக்கும் ரேடியோ முன்துடிப்பைச் சேர்த்து மறுபடி எடுத்தபோது வளையம் மறைந்தது. சுருக்கம் இருந்த இடத்தில், கீழ்ச்சுவரில் மட்டும், பிறை வடிவில் ஒரு கொழுப்புப் படிவு எஞ்சி நின்றது.

இந்தப் பிழையின் விலை ஸ்டீராய்டோடு முடிவதில்லை. மூளைத் தமனிச் சுருக்கத்துக்கு ஸ்டென்ட் வைப்பதையும் தீவிர மருந்துச் சிகிச்சையையும் ஒப்பிட்ட சம்ப்ரிஸ் ஆய்வு, மருந்தே மேல் என்று 2011இல் காட்டியது. அதில் ஆஸ்பிரினுடன், இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரலை 90 நாள்கள் கொடுத்து, எல்.டி.எல். கொழுப்பை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறக்க முயன்றார்கள். இவருக்கு அந்தச் சிகிச்சை மிகவும் தேவைப்பட்ட முதல் வாரங்கள் வாஸ்குலைடிஸ் என்ற பெயரில் வீணாயின.

ஆகவே வெண்வளையத்தைக் கண்டவுடன் நோயின் பெயரைத் தேடாதீர்கள். முதலில் ஊசிக்கு முந்தைய படத்தை, அதே தளத்தில், அதே வோக்சல் (முப்பரிமாணப் படப்புள்ளி) அளவில் பக்கத்தில் வையுங்கள். தமனிக்குச் செங்குத்தான குறுக்குவெட்டை எடுத்துப் பாருங்கள். சாய்ந்த வெட்டில் எந்தச் சுவரும் தடிப்பாகத்தான் தெரியும். பிறகு ஒளிர்வை, அதாவது மருந்தை ஏற்றுச் சுவர் வெண்மையாவதை, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரித் தண்டின் ஒளிர்வோடு ஒப்பிடுங்கள். அதற்கு இணையாகவோ மேலாகவோ ஒளிர்வதையே வலுவான ஒளிர்வு என்று சொல்வது வழக்கம். ஐயம் நீங்காவிட்டால், "ஓட்டத்தால் விளைந்த போலித்தோற்றமாக இருக்கலாம்" என்று அறிக்கையின் முடிவுரையிலேயே எழுதுங்கள். அறிக்கையின் நடுவே எங்கோ ஒரு வரியில் புதைத்துவிட்டால் சிகிச்சை தருகிறவர் கண்ணில் அது படாது.

உண்மையான ஒளிர்வெல்லாம் அழற்சி என்று நினைப்பது

வயதானவர்களின் முதுகெலும்புத் தமனி மண்டையோட்டுக்குள் நுழைந்த இடத்திலும், உள் கரோடிட் தமனி மூளையின் வெளியுறையான டூராவைத் துளைத்து மேலேறிய இடத்திலும், சுவருக்கு உணவளிக்கும் நுண்நாளங்களால் ஒளிர்வு வரலாம். மூளையின் பக்கவாட்டிலுள்ள சில்வியன் பிளவில் தமனியை ஒட்டிச் செல்லும் சிரையும் ஒளிரும். இரத்தக்கட்டியைக் கருவி கொண்டு வெளியே எடுத்தவர்களுக்கு, கருவி உரசிய சுவர் அதன்பின் ஒளிர்வது எதிர்பார்க்க வேண்டியதே. சிகிச்சைக் குறிப்பைப் படிக்காமல் படத்தைப் படிக்காதீர்கள்.

ஊசிக்கு முந்தைய படத்தைக் கைவிடுவது

நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கைவிடக் கூடாது. தமனிச் சுவர் கிழிந்து உள்ளே தேங்கிய இரத்தம் அந்த டி1 படத்தில்தான் தானாக வெண்மையாகத் தெரியும்.

தடித்த வெட்டு

2 மி.மீ. வெட்டு சுவருக்கு ஆகாது. முப்பரிமாணத்தில், எல்லாப் பக்கமும் 0.5 மி.மீ. அளவில் எடுங்கள்.

7 டெஸ்லா எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நம்புவது

அமெரிக்காவில் 7 டெஸ்லா கருவிக்கு மருத்துவப் பயன்பாட்டு அனுமதி 2017இல் கிடைத்தது. மூளையின் ஆழத்துக்குச் செல்லும், அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள லென்டிகுலோஸ்ட்ரியேட் தமனிகளை ஊசியின்றியே காட்டும் அதன் திறன் உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் அங்கே ரேடியோ அதிர்வெண் ஏறத்தாழ 298 மெகாஹெர்ட்ஸ். தலைக்குள் அதன் அலைநீளம் சுமார் 13 செ.மீ., அதாவது தலையின் அகலத்தைவிடக் குறைவு. அதனால் அலைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு, பொட்டெலும்புப் பக்கத்திலும் சிறுமூளையிலும் மண்டையோட்டின் அடியிலும் துடிப்பின் வலிமை சரிகிறது. அங்கே முதுகெலும்புத் தமனிச் சுவர் தெரியவில்லை என்றால், சுவர் நன்றாக இருக்கிறது என்று எழுத முடியாது. மதிப்பிட இயலவில்லை என்றே எழுத வேண்டும். 3 டெஸ்லாவில் பாதுகாப்பானது என்று சோதிக்கப்பட்ட, உடலில் பொருத்திய கிளிப்பும் ஸ்டென்டும் 7 டெஸ்லாவிலும் பாதுகாப்பானவை என்று பொருளாகாது.

ஒரே ஸ்கேனில் தீர்ப்பு எழுதுவது

இடி விழுந்தாற்போன்ற தலைவலியோடு வந்து, பல தமனிகளில் சுருக்கம் காட்டுகிறவருக்குத் தானாகவே மீளும் தமனி இறுக்கமும் இருக்கலாம், வாஸ்குலைடிஸும் இருக்கலாம். முன்னதில் சுவர் தடித்தாலும் ஒளிர்வு பெரும்பாலும் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். பின்னதில் வலுவான, சீரான வளைய ஒளிர்வு பொதுவானது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நோயாளிகளும் உண்டு. அத்தகையவரின் நிலை இடம் கொடுத்தால், தமனி இறுக்கம் மூன்று மாதங்களுக்குள் நீங்குகிறதா என்று பார்க்க, அதே கருவியில், அதே காயிலில் (சமிக்ஞை வாங்கும் சுருளில்), அதே படமெடுப்பு முறையில் மறுபடி எடுக்கும்படி பரிந்துரையுங்கள். வேறு கருவியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுச் சுவர் மெலிந்தது என்று எழுதினால், மாறியது நோயா கருவியா என்று அடுத்துப் படிக்கிறவரால் பிரித்தறிய முடியாது.