சாவனதுர்காவில் என் உயர அச்சம் தணிந்த விதம்

பெங்களூரு அல்சூரில் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகளாகியும், பால்கனியில் துணி உலர்த்தும் வேலையை மனைவியிடமே விட்டிருந்தேன். கைப்பிடிக் கம்பியை நெருங்கினாலே உள்ளங்கால் கூசி, முழங்கால் தளர்ந்துவிடும். இதற்கு முடிவு காண, பெங்களூருக்கு மேற்கேயுள்ள மாகடிக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரத்தில் நிற்கும் சாவனதுர்கா என்னும் கருங்கல் மலையைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் முறை, கால்வாசி தூரத்திலேயே உடல் நடுங்கியது. திரும்பிவிடாமல் அங்கேயே அமர்ந்து, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். சுமார் 20 நிமிடங்களில் படபடப்பு தானாகவே இறங்கியது. இத்தனை ஆண்டுகளாக அஞ்சிய கணமே விலகிவந்ததால், அது இறங்கக்கூடியது என்பதைக் கற்க என் உடலுக்கு நான் வாய்ப்பே அளித்ததில்லை.

அன்றிரவு எழுதிப் பார்த்தபோதுதான், சிறுவயதில் ஊர்க் கோயில் குளப்படியில் பாசி வழுக்கி விழுந்தது முதல் என் கால்களையே நான் நம்பவில்லை என்பது விளங்கியது. ஆகவே, அடுத்தடுத்த முறைகளில் பாதம் முழுவதும் பாறையில் பதியும்படி நிதானமாக நடந்து பழகினேன்; உலர்ந்த கருங்கல் காலை நன்றாகவே பிடித்துக்கொள்கிறது (மழை நாளில் அங்கே ஏறவே கூடாது). நான்காம் முறை உச்சியிலுள்ள நந்தி மண்டபத்தை அடைந்தேன். இறங்கும்போது இன்றும் சற்று அச்சம் எழுகிறது. அப்போதும் அமர்ந்து, அது தணிந்த பிறகே எழுகிறேன்.